தோட்டத்து ஆள் என்று சொன்னவன்

போன வாரச் சண்டையில் லியோனார்ட்தான் ஜெயித்தான் என்று நினைத்தவர்களுக்குக் குழந்தையம்மாளைத் தெரியாது.

வாசலில் இரும்புக் கிரில் கதவை மாட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் போட்டு, "இனிமே யார் வந்தாலும் நான் ஆளப் பாத்துத்தான் தொறப்பேன்" என்று அவன் சட்டம் பேசியபோது அம்மா வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், புதுப் புடவையின் மடிப்புக்கூடக் கலையாமல் வாசலில் நின்றுகொண்டு கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"அம்மா, தீபாவளிக்கு இந்தத் தாமான்ல நடந்தது மறந்துபோச்சா? பட்டப்பகல்ல அர்ச்சுனன் வீட்டுல நகையும் ரேடியோவும் போச்சு. வீடு நெறைய ஆளு இருக்கையிலயே போச்சு."

"மறக்கல. ஆனா பூட்டின வீட்டுக்கு வந்து எவன் பசியாறுவான்? இது என்னா ஜெயிலா? குடுடா."

லியோனார்ட் கழுத்திலிருந்து சாவிக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தான். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அந்தத் தாமான் குடியிருப்பின் ருக்குன் தெத்தாங்கா காவல் குழுவில் விசிலும் டார்ச் விளக்குமாக ரோந்து போகிறவன். அப்படிப்பட்டவன் கண்முன்னால் அம்மா அந்தக் கிரிலைச் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்துவைத்து, ஓடிவராமல் இருக்க ஒரு செங்கல்லையும் முட்டுக் கொடுத்தாள்.

அவன் தங்கை பெட்ரீசியா சிரித்துவிட்டாள். தைப்பிங்கில் தற்காலிக ஆசிரியை. முந்தின நாள்தான் மழையில் நனைந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை வைத்து அவள் இதுவரை சம்பாதித்தது கோபம் ஒன்றுதான் என்பான் லியோனார்ட். அவன் சொல்வதில் அதிகப் பிழை இல்லை. பண்டிகைக் காலத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று தாமான் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தபோதுகூட அவளுக்குக் கோபம்தான் வந்தது. கதவைப் பூட்டுங்கள், அந்நியரை உள்ளே விடாதீர்கள், நகைகளை வங்கியில் வையுங்கள். வங்கியாமே! ரப்பர்க் காட்டுக்குள் பிறந்து, வளர்ந்து, விதவையாகி, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது சட்டி பானையோடு வெளியே வந்தவள் அம்மா. அவளிடம் போய் வங்கி என்றால்?

அம்மாவுடைய வங்கி ஒரு பிஸ்கட் டின். நடு அறையில், புதுத் தட்டுகள் அடுக்கிய அட்டைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அதில் ஒரு சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும். பால் வெட்டிய காலத்திலிருந்து வயிற்றைக் கட்டி அம்மா செய்து வைத்தவை. ஜனவரியில் தங்கை ரோசரிக்குக் கல்யாணம். தாப்பாவிலிருந்து வந்து பேசிய மாப்பிள்ளையின் தாய் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "தாலிய நாங்க கொண்டாறோம். கழுத்துக்கும் கைக்கும் நீங்க போட்டுத்தான் அனுப்பணும். இல்லாட்டி ஊர்ல எங்களுக்குத்தான் மரியாத இல்ல." அதைக் கேட்டுப் பெட்ரீசியா போட்ட கூச்சலில் கல்யாணமே நின்றிருக்கும். ரோசரிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு அவரப் பிடிச்சிருக்குக்கா" என்றாள். அதற்குப் பிறகு எந்தப் பட்டதாரிதான் என்ன பேச முடியும்?

ஆக, அந்த டின் இருந்தால்தான் ஜனவரியில் கல்யாணம்.

பத்து மணிக்கே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

சுங்கை மெராந்தித் தோட்டம் இன்று வரைபடத்தில்கூடக் கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் தைப்பிங், தாப்பா, ஈப்போ என்று சிதறிப் போனார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் வந்தால் அவர்களில் யார் வீட்டுக்கும் யாரும் போவார்கள். தீபாவளிக்கும் அப்படித்தான். வேதக்காரர், இந்து என்ற பேதமெல்லாம் தோட்டத்துச் சாப்பாட்டில் கிடையாது. முகம் அடையாளம் தெரியாவிட்டாலும் "மெராந்தி தோட்டம்" என்று சொன்னால் போதும், தட்டு வந்துவிடும். யார் மகன், எந்த லயம் என்று துருவிக் கேட்பது அந்த சனங்களுக்கு வெட்கக்கேடு. "என்னையே மறந்துட்டீங்களா?" என்று வந்தவன் முகம் சுருங்கிவிட்டால் அப்புறம் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? ஆகவே தெரியாதவனைக் கண்டால் தெரிந்தவனைவிட ஒரு பங்கு அதிகமாகவே சிரித்து வரவேற்பார்கள்.

நோட்டீஸ் எழுதிய அதிகாரிக்கு இது எங்கே தெரியப் போகிறது?

மத்தியானம் கூட்டம் சற்று ஓய்ந்த நேரம். அண்ணி மங்களம் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். லியோனார்டின் மகள், நடைபழகிய பிலோ, குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து மண் ஆட்டுக்குட்டிக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஷூ கழற்றும் சத்தம் கேட்டது.

"தோத்திரம்ண்ணே! ஹேப்பி கிறிஸ்மஸ்!"

கோடு போட்ட முழுக்கைச் சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, முப்பது வயதிருக்கும். லியோனார்ட் எழுந்தான்.

"வாங்க, வாங்க... நீங்க...?"

"என்னாண்ணே, மெராந்தி தோட்டம்லா! மறந்துட்டீங்களா?"

முகம் சுருங்குவதற்கு அவன் நேரமே கொடுக்கவில்லை. லியோனார்ட் பாய்ந்துபோய்த் தோளில் கையைப் போட்டான். "அட, மறப்பனா? உள்ள வாலா! அம்மா, தோட்டத்து ஆளு வந்திருக்கு!"

வந்தவன் எல்லோருக்கும் ஒரு உறவுமுறை வைத்தான். அம்மாவுக்கு 'அம்மா', மங்களத்துக்கு 'அக்கா', பிலோவுக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய். "பஸ்ல வந்தது ஒரே புழுதிக்கா. மூஞ்சி கழுவிக்கிறேன்" என்று பின்பக்கம் போனான். குளியலறைக்குப் போகிற வழியில்தான் நடு அறை. கதவு கிடையாது, திரைச்சீலை மட்டும். பெட்ரீசியா சர்பத் கலக்கிக்கொண்டிருந்தாள். ரோசரி வாசலில் நின்று அடுத்த வீட்டுச் சின் ஆண்ட்டியோடு கல்யாணச் சேலை நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் பின்பக்கம் பார்க்கவில்லை. விருந்தாளி முகம் கழுவுவதை யார் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்?

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தான். பிலோ மிட்டாய் ருசியில் போய் அவன் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

"டவுன்ல என்னாம்மா கிறிஸ்மஸ்?" என்றான் அம்மாவைப் பார்த்து. "நம்ம தோட்டத்துல ராத்திரிப் பூசைக்கு நிப்போமே, அது கிறிஸ்மஸ். கோயில் நெறஞ்சு வாசல் வரைக்கும் சனம். பூசை முடிஞ்சதும் வெடி வெடிப்போமே, ஞாபகம் இருக்காம்மா?"

அம்மா அவனை ஒரு கணம் பார்த்தாள்.

"ஆமா தம்பி. மறக்க முடியுமா?" என்றாள், மிக மெதுவாக.

பெட்ரீசியாவின் கையில் சர்பத் கரண்டி அப்படியே நின்றது.

சுங்கை மெராந்திக் கோயிலில் கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை ஒரு தடவைகூட நடந்ததில்லை. சாமியார் ஒருவர், தோட்டங்கள் பல. பிறந்த நாள் பூசையை டவுனில் வைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு தோட்டமாக மோட்டார் சைக்கிளில் வருவார். மெராந்திக்கு அவர் வந்து சேருகிற நாள்தான் கிறிஸ்துமஸ். அதுவரை பலகாரத்தைத் தொடக்கூடாது, புதுத்துணியை எடுக்கக்கூடாது. பிள்ளைகள் ரோட்டோரம் மோட்டார் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டு நிற்கும். தேவனே டவுனில் பிறந்து முடித்த பிறகுதான் தோட்டத்துக்கு வருகிறார் என்று பெட்ரீசியா பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதி உபதேசியாரிடம் காது திருகப்பட்டிருக்கிறாள். அந்த வேதனை மறக்கக்கூடியதா? மெராந்தியில் வளர்ந்த எவன் மறப்பான்?

இவன் மெராந்தி ஆள் இல்லை. அப்படியானால் யார்?

"சரிம்மா, வாரேன்." அவன் எழுந்துவிட்டான். "இன்னும் கொஞ்சம் வீடு போகணும்."

பெட்ரீசியாவுக்குக் கத்த வாய் வந்தது. அம்மா முந்திக்கொண்டாள்.

"என்னாது? வாயில பச்சத்தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டுப் போறதா? தோட்டத்து ஆள எங்க வீட்டுல அப்பிடி அனுப்புனதே இல்ல. ரோசரி! அறையில போயி புதுத் தட்டு ஒண்ணு எடுத்தா."

ரோசரி போனாள். திரும்பி வந்தபோது கையில் தட்டு இல்லை. முகத்தில் ரத்தம் இல்லை. அம்மாவை மட்டும் பார்த்தாள்.

அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பெட்ரீசியா பிற்பாடு எத்தனையோ தடவை அந்தக் கணத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருட உழைப்பு ஒருவன் இடுப்பில் மடிந்து கிடக்கிறது என்று தெரிந்த நிமிடத்தில் ஒரு பெண்ணின் முகம் எப்படி மாறும்? அம்மாவின் முகம் மாறவே இல்லை. "இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னதுலேருந்து கையும் ஓடல, காலும் ஓடல" என்று சிரித்தாள். அடுப்படித் தட்டு ஒன்றை இழுத்து, முந்தானையில் துடைத்து மேசையில் வைத்தாள்.

"அங்க இல்ல தம்பி. உள்ள தள்ளி உக்காரு. காத்தாடி அங்கதான் நல்லா வீசும்."

உள்ளே என்றால் சுவர் மூலை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அலமாரி, முன்னால் மேசை. அதில் உட்கார்ந்தவன் எழுந்து வர வேண்டுமென்றால் எதிரே இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து வழிவிட வேண்டும். அவன் தயங்கினான். மெராந்தித் தோட்டத்துப் பிள்ளை எப்படிச் சாப்பிடாமல் போவது? தான் சொன்ன பொய்யில் தானே சிக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்து உட்கார்ந்தான்.

"லியோனார்டு, தம்பிக்குத் தொணையா இந்தப் பக்கம் உக்காரு. மங்களம், தோசை கொண்டா. பெட்ரீசியா!" அம்மா அதிரசமும் முறுக்கும் கேக்கும் ஒரு தட்டில் அடுக்கி, மேலே துணியைப் போட்டாள். "இத அர்ச்சுனன் வீட்டுக்குக் குடுத்துட்டு வா. புள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போ, அங்க வெளையாடட்டும்."

"அதான் காலையிலயே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

அர்ச்சுனன் வீட்டுக்குத்தான் முதல் தட்டு போனது. கொண்டு போய்க் கொடுத்தவளே அவள்தான். அம்மாவுக்கு அது மறக்குமா?

"சரிம்மா" என்றாள். அவன் முழங்காலிலிருந்து பிலோவை வழித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் பளபளவென்று அவனுடைய ஷூ ஜோடி. பெட்ரீசியா நடக்கிற நடையிலேயே ஒன்றை எத்திக் கால்வாயில் விட்டாள். கோபத்துக்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே.

அர்ச்சுனன் கதையைக் கேட்டதும் கதவுக்குப் பின்னாலிருந்த பாரங் கத்தியை எடுத்துவிட்டார்.

"வச்சிருங்கண்ணே!" என்று பெட்ரீசியா அவர் கையைப் பிடித்தாள். "அம்மாவும் தங்கச்சியும் அவனுக்குக் கையெட்டுற தூரத்துல நிக்கிறாங்க. அவன் இடுப்புல என்னா வச்சிருக்கான்னு நமக்குத் தெரியாது. கத்தியோட கூட்டமா வந்தா முதல்ல மாட்டுறது அவங்கதான். விருந்தாளியா வாங்க. சட்ட மாத்திக்கிட்டு, அக்காவையும் கூட்டிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டே வாங்க. உக்காந்து சாப்பிடுங்க. அவன் எந்திரிக்க வழி இருக்கக்கூடாது."

அர்ச்சுனனின் மனைவி நல்லம்மாள் வாயில் கை வைத்தாள். "அடிப்பாவி, அப்போ தீபாவளிக்கு எங்க வீட்டுக்கும் இவன்தான் வந்திருப்பானோ? 'தோட்டத்து ஆளு'ன்னு எவனோ ஒருத்தனுக்கு நான்தான் கறிய அள்ளி அள்ளி வச்சேன். ரெண்டாந்தரம் வேற கேட்டு வாங்கித் தின்னான்!"

"அக்கா, அத அப்புறம் அழுவலாம். பின் லோரோங் சந்துல ஹம்சா இருப்பாரா?"

"இன்னிக்கி அவருக்கு லீவு. நான் போயி சொல்றேன், நீ போ."

ஹம்சா போலீஸ்காரர். சீருடை இல்லாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அமைதியான மனிதர்.

வெறும் தட்டைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அந்தத் தாமானில் கிடையாது. நல்லம்மாள் அந்த அவசரத்திலும் தட்டில் ஒரு பிடி சீனியைப் போட்டுத்தான் கொடுத்தாள். பிலோவை அங்கிருந்த பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, சின் ஆண்ட்டி காதிலும் ஒரு வார்த்தை போட்டுவிட்டு, சீனித் தட்டோடு பெட்ரீசியா வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். தட்டில் சீனியைக் கண்டதும் தோள் இறங்கியது.

"இன்னொரு தோசை" என்றாள் அம்மா.

"போதும்மா, வயிறு..."

"தோட்டத்துப் புள்ளைங்க இப்பிடியா சாப்பிடும்? கோழி கொத்திப்போட்ட மாதிரி? நல்லாச் சாப்பிடு தம்பி. மங்களம், கறிய நல்லா அடிச்சட்டியிலேருந்து எடுத்து ஊத்து."

லியோனார்ட் ஒன்றும் அறியாமல் பேராக் அணி எப்படிப் பந்து விளையாடியிருக்க வேண்டும் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மேசை மேலேயே கோல் கம்பமெல்லாம் கட்டிவிட்டான், முறுக்கை வைத்து. அண்ணனைப் பார்க்கப் பெட்ரீசியாவுக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த அறியாமையும் நல்லதுக்குத்தான். சந்தேகமே இல்லாத ஒருவன் பக்கத்தில் இருக்கிறவரை வந்தவனுக்கும் சந்தேகம் வராது.

ரோசரிதான் பாவம். அலமாரியைப் பிடித்தபடி நின்றாள். கண் அந்தக் கோடு போட்ட சட்டையின் இடுப்பை விட்டு நகரவில்லை. அம்மா போகிற போக்கில் அவள் கையில் சட்னிக் கிண்ணத்தைத் திணித்தாள். "நிக்காத. பரிமாறு." அந்தப் பெண் தன் கல்யாண நகையைத் திருடியவனுக்குத் தானே சட்னி ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அலங்காரமும் சேலையுமே உலகம் என்று இவளை எத்தனை நாள் குறைத்துப் பேசியிருக்கிறோம் என்று பெட்ரீசியாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

"ஹேப்பி கிறிஸ்மஸ் லியோ மச்சான்!" அர்ச்சுனன் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தானை வேறு ஏறுமாறாகப் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சின் ஆண்ட்டி, ஆரஞ்சுப் பையோடு. ஆண்ட்டிக்குப் பின்னால் பட்டறையில் லாரி டயர் மாற்றுகிற அவளுடைய இரண்டு மகன்கள். வந்தவர்கள் மேசையைச் சுற்றி மடமடவென்று உட்கார்ந்தார்கள். பெரியவன் உட்கார்ந்த பெஞ்சு முனகியது.

"எல்லாரும் ஒரே நேரத்துலயா?" என்றான் லியோனார்ட் மகிழ்ச்சி தாங்காமல். "பாத்தியா தம்பி, எங்க தாமான் ஒத்துமைய?"

தம்பியின் கையில் தோசைத் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. நெற்றியில் வியர்வை. காத்தாடி நன்றாகத்தான் வீசியது.

கடைசியாக ஹம்சா வந்தார், பின்னால் நல்லம்மாள். கைலி, வெள்ளைச் சட்டை, மனைவி கொடுத்தனுப்பிய கூய் பலகாரத் தட்டு. "செலாமாட் ஹாரி கிறிஸ்மஸ், மாக்சிக்" என்று வாழ்த்தி அம்மாவிடம் தட்டை நீட்டினார். மேசையின் மறு முனையில், தப்பிக்க மிச்சமிருந்த ஒரே இடுக்கில் உட்கார்ந்தார்.

"இது உங்களுக்குன்னு தனிச் சட்டி ஹம்சா. மார்க்கெட்டு மலாய்க்காரர்கிட்ட வாங்குன கோழி" என்றாள் அம்மா, எப்போதும் சொல்கிற மாதிரியே.

"தெரீமா காசே." நன்றி சொன்ன ஹம்சா, கோடு போட்ட சட்டைக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். "மாக்கான், மாக்கான்." சாப்பிடு, சாப்பிடு. அவர் குரலில் ஒரு அவசரமும் இல்லை. அந்த அவசரமில்லாமையில்தான் வந்தவனுக்கு எல்லாம் விளங்கியது.

அவனுடைய இடது கை மேசைக்குக் கீழே இறங்கியது. பெட்ரீசியா பார்த்துவிட்டாள். இடுப்புப் பக்கம். கத்தியா? மேசைக்கு இந்தப் பக்கம் அம்மா நிற்கிறாள், தண்ணீர்ச் செம்பும் கை கழுவும் மங்குமாக.

அம்மாவும் பார்த்தாள்.

"என்னா தம்பி இது, எச்சிக்கையோட உக்காந்து எங்க சொறியிற?" தோட்டத்து ஆயாக்கொட்டாயில் ஆயா பிள்ளைகளை அதட்டுகிற குரல். "சாப்புட்டு முடிச்சா கைய நீட்டணும். ம்? ரெண்டு கையும். நான் தண்ணி ஊத்துறேன்."

யார் பெற்ற பிள்ளையோ. எந்தத் தாய் எந்த லயத்து வாசலில் அவனுக்குக் கை கழுவிப் பழக்கினாளோ. மூளை யோசிப்பதற்கு முன்னால் அவனுடைய இரண்டு கைகளும் மேசைக்கு மேலே வந்து மங்குக்கு நேராக நீண்டன.

அம்மா நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஹம்சா நிதானமாக அந்த ஈரக் கைகளின் மணிக்கட்டைப் பிடித்தார். சின் ஆண்ட்டியின் மகன்கள் எழுந்து தோளுக்கு ஒருவராக அழுத்தினார்கள். அர்ச்சுனன் மேசையைத் தாண்டி அவன் இடுப்பைத் தடவி ஒரு மடக்குக் கத்தியை எடுத்து வெளியே வீசினார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு தட்டு உடையவில்லை.

"ஏய், ஏய்! என்னா பண்றீங்க?" லியோனார்ட் அலறினான். "தோட்டத்து ஆளுலா அவன்!"

"ஆமாடா" என்றாள் அம்மா. "நீதானே தோள்ல கையப் போட்டுக் கூட்டியாந்த?"

முதலில் நல்லம்மாள்தான் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. பயமெல்லாம் சிரிப்பாகக் கொட்டியது. பெட்ரீசியா சிரிக்கவில்லை. செம்பைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் தடித்து, ரப்பர்ப் பால் கறை நகக்கண்ணில் இன்னும் போகாத கை. சற்று முன்வரை அசையாமல் தண்ணீர் ஊற்றிய கை இப்போதுதான், எல்லோரும் சிரிக்கிறபோது, யாரும் பார்க்காதபோது, செம்பை வயிற்றோடு இறுக்கிக்கொண்டது. பெட்ரீசியா அருகில் போய்ச் செம்பை வாங்கிக்கொண்டாள். இப்படி ஒருத்திக்கு மகளாகப் பிறந்திருக்கிறோமே என்று அவளுக்குக் கர்வமாக இருந்தது. எந்தப் பட்டமும் அவளுக்கு அந்தக் கர்வத்தைத் தந்ததில்லை.

"அண்ணே, நகை!" ரோசரி கத்தினாள். "அவன் இடுப்புல பாருங்கண்ணே!"

இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சிவப்புக் கைக்குட்டை வந்தது. அர்ச்சுனன் அதை மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

சங்கிலி. பளிச்சென்று, முழுசாக.

ரோசரி அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். பிறகு கைக்குட்டையை எடுத்து உதறினாள். இன்னொரு தடவை உதறினாள்.

"வளையல் எங்க?"

ஹம்சா அவனைச் சுவரோடு நிறுத்திச் சோதித்தார். சட்டைப் பை, கால்சட்டைப் பை, காலுறை வரைக்கும். நல்லம்மாள் குளியலறையைப் பார்த்தாள். பெட்ரீசியா நடு அறையில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டுகளையெல்லாம் தரையில் பரப்பினாள். டின் திறந்து கிடந்தது. காலி.

"தம்பி." அம்மா அவன் முன்னால் வந்து நின்றாள். "என் கையால சாப்புட்டிருக்க. பொய் சொல்லாத. வளையல் எங்க?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏய்க்கிற சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"சத்தியமா இல்லம்மா. டின்னுல சங்கிலி மட்டும்தாம்மா கெடந்துச்சு. வளையல் இருந்தா அத மட்டும் விட்டுட்டு வருவனா?"

திருடன் சொல்கிற பேச்சு என்று தள்ளிவிட எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

ஹம்சா அவனைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் அவன் ஒற்றை ஷூவைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடினான். பெட்ரீசியா தேடித் தரவில்லை. அக்கம்பக்கத்தார் வேண்டா வெறுப்பாக எழுந்தார்கள். முழுக்கதையும் கேட்டுவிட்டுப் போக அவர்களுக்கு ஆசை. அம்மா ஒவ்வொருவர் கையிலும் பலகாரப் பொட்டலம் கொடுத்து, வாசல் வரை போய், "ரொம்ப நன்றிப்பா, ராத்திரி வாங்க" என்று முறையாக வழியனுப்பினாள். அர்ச்சுனன் வீட்டிலிருந்து பிலோவைத் தூக்கி வந்து விட்டார்கள்.

அம்மா திரும்பி வந்து மேசையைத் துடைத்தாள். தட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். லியோனார்டுக்கு, ரோசரிக்கு, பெட்ரீசியாவுக்கு, மங்களத்துக்கு, தனக்கு.

"வந்தவங்க எல்லாரும் சாப்புட்டாச்சு" என்றாள். "இப்போ வீட்டாளுங்க உக்காருங்க. அவன் வர்றதுக்கு முந்தி இந்த டின் எங்க இருக்குன்னு நம்ம அஞ்சு பேருக்குத்தான் தெரியும்."

லியோனார்ட் உட்கார்ந்தான். அவன் முகத்தில் குழப்பம் மட்டும்தான் இருந்தது. ரோசரி சங்கிலியைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். பெட்ரீசியா தன் நாற்காலியை இழுத்தாள். இழுக்கும்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. தோசை கருகும் வாசனை.

அடுப்படியில் அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கல்லிலிருந்து புகை எழுந்து அவள் முகத்தை மறைத்தது. கையில் கரண்டி இருந்தது. அவள் திருப்பவில்லை.

"நீங்க எல்லாரும் சாப்புடுங்க அத்தை. நான் அப்புறமா..."

"அடுப்ப அணைச்சிட்டு வா, மங்களம்" என்றாள் அம்மா.